எதுகை எதற்கு?

தமிழ்ச் செய்யுளுக்கு எதுகையும் மோனையும் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு நம் நாட்டில் நெடுநாளாக நடந்து வருகிறது. வாதி பிரதிவாதிகள் மாறியிருக்கிறார்களே தவிர, வழக்கு முடிந்தபாடில்லை. ஒரு கட்சியார், "எதுகை மோனை என்பவை விலங்குகள். கவிஞனுடைய கையையும் காலையும் கட்டிப் போட்டுவிட்டுப் பாடு பாடு என்றால் அவன் எப்படிப் பாடுவான்?" என்று கேட்கிறார்கள். மற்றக் கட்சியாரோ, "அவை இல்லாவிட்டால் அது பாட்டே அன்று, வசனத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தது" என்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகத் தமிழ் வாத்தியார் உத்தியோகம் பார்த்து வரும் நமக்கு இரு கட்சியாரிடமும் ஒரு குறை உண்டு. இருவருமே எதுகையை ஒரு நகை என்று எண்ணுகிறார்கள். ஒருவர் அதைப் பூட்டிக்கொள் என்கிறார். மற்றவர் கழற்றி வை என்கிறார். அது நகைதானா என்று இருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இந்த விஷயத்தை இப்போது எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம்முடைய பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் சென்ற வருஷம் ஒரு யோசனை கிளம்பிற்று. பத்தாம் வகுப்பில் குறளை அலகிடுவதற்கு ஒரு வினா வருகிறது அல்லவா? அந்த ஒரு வினாவுக்காக வாரக்கணக்கில் யாப்பு நடத்துவானேன், வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்வித்து விட்டுவிட்டால் என்ன என்பதே யோசனை. சொன்னவர் நல்லவர், நம் நண்பர். பிள்ளைகள் தேற வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லாதவர். அன்று நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியாக இல்லை. அதைத் திருப்தியாகச் சொல்லிப் பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

எதுகை என்பது இன்னது என்று நேயர்களுக்குத் தெரியும். அடிகளின் முதற் சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. முதல் எழுத்து ஒன்றிவருவது மோனை. ஆனால் எதுகையில் ஒரு சிறு நிபந்தனை உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் எழுத்துக்களின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'கல்வி'க்குச் 'செல்வம்' எதுகை. 'பாட்டு'க்குப் 'பட்டு' எதுகை ஆகாது. இரண்டிலும் டகர மெய் இருந்தாலும் ஆகாது. கண்ணால் பார்க்கிறவனுக்கு இது அநியாயமாகத் தோன்றும். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறவனுக்கு உடனே விளங்கிவிடும். 'பாட்டு' என்று சொல்லி முடித்து 'பட்டு' என்னும்போது காது தடுக்கி விழுகிறது. 'காட்டு' என்னும்போது விழுவதில்லை. எதுகை கண்ணுக்காக ஏற்பட்டது அன்று, காதுக்காக ஏற்பட்டது என்பதற்கு இந்த ஒரு நிபந்தனையே போதுமான சாட்சி.

அடியின் தலையிலே இந்த ஒற்றுமையை வைத்தார்களே, ஏன் கடையில் வைக்கவில்லை? ஆங்கிலக் கவிதையைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த புதிதில் நம்மை இது வெகுவாக உறுத்திற்று. அங்கே அடியின் கடைசிச் சொற்கள் அல்லவா ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன? நம் இலக்கண நூலாரும் கடையில் ஒன்றுவதை அறியாதவர்கள் அல்லர். அதற்கு இயைபு என்று பெயரிட்டிருக்கிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியலிலேயே மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடை வகைகள் சொல்லப்படுகின்றன. அறிந்திருந்தும் இயைபுக்கு ஏன் பட்டம் கட்டவில்லை?

நமக்குத் தோன்றும் காரணம் இது. தமிழ் வாக்கியத்தின் கடையில் வந்து நிற்பது பெரும்பாலும் வினைமுற்று. வந்தான், சென்றான், கண்டான், உண்டான் என்று எத்தனை வாக்கியம் எழுதினாலும் அத்தனைக்கும் கடைசியில் 'ஆன்' தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டி பேரனுக்குக் கதை சொன்னாலும் வரும். போலீஸ்காரர் அறிக்கை எழுதினாலும் வரும். இப்படி விலையின்றிக் கிடைப்பதைக் கவிதைக்கு அடையாளமாக வைக்க முடியுமா? ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு அத்தகைய வால் இல்லை. அங்கே கடைச்சொற்களை ஒலியால் இணைப்பது தேடிப் பெறவேண்டிய பொருள். தமிழில் தேடிப் பெறவேண்டிய இடம் அடியின் தலை. ஆகவே அங்கே எதுகையை வைத்தார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இரண்டாம் எழுத்து ஒன்றும் இதே வழக்கத்தைப் பிராசம் என்று போற்றுகிறார்கள். அம்மொழிகளிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடையில்தான் வருகிறது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இரண்டாம் எழுத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நயம் இருக்கிறது. முதல் எழுத்து புதிதாக வருகிறது. இது வேறு சொல் போலும் என்று காது நிமிர்கிறது. அடுத்த கணமே பழைய எழுத்து வந்து, "அஞ்சாதே, நான்தான்" என்கிறது. வியப்பும் பரிச்சயமும் ஒரே சொல்லுக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்துவிடுகின்றன.

ஆனால் இந்தச் செவியின்பம் ஒன்றுதான் எதுகையின் வேலை என்றால் அதை நகை என்பவர்களோடு நாமும் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. ஓலைச் சுவடியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சுவடியில் செய்யுளை அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. இடத்தை வீணாக்காமல் வசனம் போல ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டு போவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வேற்றுமை இராது. எங்கே ஓர் அடி முடிந்து மற்றோர் அடி தொடங்குகிறது என்று படிக்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பது? எதுகைதான் வழிகாட்டும். ஓலையில் அது மைல்கல்லாக நின்றது. முதற் சீரின் இரண்டாம் எழுத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஓடினால், அதே ஒலி மறுபடி எதிர்ப்படும் இடத்தில் அடுத்த அடி பிறக்கிறது. பூச்சி அரித்துப்போன இடத்திலும் அதுவே கைகொடுக்கும். ஒரு சொல்லின் இரண்டாம் எழுத்து இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்று தெரிந்துவிட்டால் சந்தேகத்தில் பாதி தீர்ந்ததல்லவா? மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் அச்சிட்டது இத்தகைய சுவடிகளிலிருந்துதான். சிந்தாமணி விருத்தத்தால் ஆனது. எதுகை துணை செய்யும். புறநானூற்று அகவலில் எதுகை அடிதோறும் வருவதில்லை. அங்கே அந்தத் துணை குறைவு.

இங்கே பழமைக் கட்சியாருக்கு ஒரு வார்த்தை. எதுகை இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று அவர்கள் சொல்லும்போது சங்கப் புலவர்களை மறந்துவிடுகிறார்கள். குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் எதுகை வந்தால் வரும், வராவிட்டால் கேட்பாரில்லை. அடிதோறும் எதுகை என்ற கட்டாயம் விருத்தங்களோடு வேரூன்றியது. ஆகவே அது ஆதியும் அந்தமும் இல்லாத சட்டம் அன்று. ஒரு காலத்தில் ஒரு தேவைக்காக வலுப்பட்டது. அந்தத் தேவை இன்றும் இருக்கிறதா என்பதே கேள்வி.

அச்சு வந்துவிட்டது, அடிகளைப் பிரித்துப் போட அச்சுக் கோப்பவர் இருந்தார், இப்போது கணினி இருக்கிறது. எனவே மைல்கல் வேலை ஒழிந்தது என்று சொல்லிவிடலாமா? நாம் வகுப்பில் ஒரு வேடிக்கை செய்வது வழக்கம். பிள்ளைகள் முன்பின் பார்த்திராத கம்பராமாயண விருத்தம் ஒன்றை எடுத்து, அடிக்கு அடி நிறுத்தாமல் ஒரே மூச்சாகச் சொல்வோம். "கேட்டபடி எழுதுங்கள், அடி முடியும் இடத்தில் கீழே இறங்குங்கள்" என்போம். பொருள் பாதிகூட அவர்களுக்குப் புரிந்திராது. ஆயினும் கடைசி பெஞ்சுக்காரர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோரும் சரியான இடத்தில் இறங்கியிருப்பார்கள். பிறகு ஒரு நல்ல புதுக்கவிதையை எடுத்து அவ்வாறே சொல்வோம். எத்தனை நோட்டுப் புத்தகமோ அத்தனை விதமாக அடி பிரிந்திருக்கும். ஒருமுறை ஒரு பெண் எழுந்து, "ஐயா, அந்தக் கவிஞர் அதைக் காதுக்காக எழுதவில்லை, கண்ணுக்காக எழுதினார். நீங்கள் சொல்லக் கேட்டு எழுதச் சொன்னதே தப்பு" என்றாள். அது நியாயமான பேச்சு என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் அவள் சொன்னதிலேயே ஒரு வித்தியாசம் வெளிப்பட்டுவிட்டது. ஒரு வகைக் கவிதை காகிதத்தை நம்பி வாழ்கிறது. மற்றொரு வகைக்குக் காகிதம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

காகிதம் இல்லாமற் போகும் நிலை யாருக்கு வரும் என்று கேட்கலாம். நம் தாயாருக்கு வந்தது. அவருக்குக் கடைசி ஆறேழு ஆண்டுகளில் கண் பார்வை அறவே மங்கிவிட்டது. அதற்கு முன்பே அபிராமி அந்தாதி நூறு பாட்டும் அவருக்கு நெட்டுரு. மாலையில் விளக்கேற்றியதும் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து தொடங்குவார். அவை கட்டளைக் கலித்துறை என்பதோ, நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசைக்குப் பதினேழு எழுத்து என்ற கணக்கோ அவருக்குத் தெரியாது. நாம் சொன்னபோது, "அபிராமி பட்டர் இதையெல்லாமா எண்ணிக்கொண்டிருந்தார்?" என்று சிரித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நமக்கு ஒன்று புலனாயிற்று. அவர் மறக்கும் இடங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டின் தொடக்கத்தில் அவர் தடுமாறியதே இல்லை. முடிந்த சொல்லே அடுத்ததற்கு முதலாக இருப்பது அந்தாதி அல்லவா? அந்தச் சங்கிலி இழுத்துக்கொண்டு போய்விடும். ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்திலும் தடுமாற்றம் அபூர்வம். எதுகை அங்கே காத்துக்கொண்டிருந்தது. அவர் தடுக்கி நின்றதெல்லாம் அடியின் நடுவே, மூன்றாம் நான்காம் சீர்களில், இந்த இரண்டு கயிறுகளும் எட்டாத இடத்தில்தான். அங்கும் மோனை இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். நாம் அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். "சும்மா இரப்பா, அதுவே வரும்" என்பார். வாய்க்குள்ளேயே முதற் சீரை இரண்டு மூன்று முறை உருட்டுவார். சற்றைக்கெல்லாம் வந்துவிடும். கடைசிக் காய்ச்சலில் பேரன் பேத்திகளின் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். அந்த நாட்களிலும் பாட்டுகள் வரிசை மாறவில்லை.

இதைச் சொன்னதும் ஓர் ஆட்சேபம் எழும். நமக்கே எழுந்தது. அந்த நாட்களில் தாயார் பொருளை நினைத்துத்தான் பாடினாரா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்படியானால் எதுகை காப்பாற்றுவது சொல்லைத்தானே, பொருளை அல்லவே? கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஏசுகிறார்களே, அது இதைத்தானே? இந்த ஆட்சேபத்தை நாம் லேசாகத் தள்ளிவிடவில்லை. எத்தனையோ பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பித்துப் பரிசு வாங்குகிறார்கள். நாமும் அப்படி வாங்கியவர்தாம். பத்து வயதில் திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்காக நெட்டுருப் போட்டவற்றுள் இரவச்சம் என்னும் அதிகாரமும் ஒன்று. பிறரிடம் கையேந்த அஞ்சுவதைப் பற்றிப் பத்து வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? பரிசாக ஒரு பித்தளைக் குத்துவிளக்குக் கொடுத்தார்கள்; அதோடு அந்த அதிகாரம் முடிந்தது என்றிருந்தோம்.

தகப்பனாருக்குச் சிகிச்சை செய்யப் பணம் வேண்டி, முப்பத்தைந்தாவது வயதில், ஒருவருடைய வாசலில் நாம் நின்றோம். உள்ளே இருந்தவர் வெளியே வரச் சுமார் ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் அழைக்காமலே அந்த அதிகாரம் வந்தது. முதற் குறளிலிருந்து வரிசையாக வந்தது. ஒவ்வொன்றும் இரண்டே அடி, ஏழே சீர். பத்து வயதில் வாயில் போட்டதைக் காது இருபத்தைந்து ஆண்டு பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய நாளில் எடுத்துக் கையில் கொடுத்தது. பொருள் அன்றுதான் விளங்கிற்று. பணம் கிடைத்ததா என்பது வேறு கதை. சொல் தங்கியிருந்தால் பொருள் என்றைக்காவது தேடிக்கொண்டு வரும். சொல்லே போய்விட்டால் பொருள் எங்கே வந்து இறங்கும்?

வீட்டு விஷயம் போகட்டும்; தேச விஷயத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். பாரதியார் 1921 இல் காலமானார். அவருடைய சுதேச கீதங்களை 1928 இல் அரசாங்கத்தார் பறிமுதல் செய்தனர். புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பாட்டுகளை அள்ள முடியவில்லை. சிந்திலும் கண்ணியிலும் கும்மியிலும் அமைந்து ஜனங்களின் வாயில் ஏறிவிட்ட பாட்டுகளை எந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது? அவர் அந்த மெட்டுகளைத் தெரிந்தே எடுத்தார். 1912 இல் பாஞ்சாலி சபதத்துக்கு எழுதிய முகவுரையில், பொது ஜனங்கள் விரும்பும் மெட்டிலே காவியம் செய்யவேண்டும் என்ற தம் நோக்கத்தை அவரே சொல்லியிருக்கிறார். 1930 இல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை ஒரு நடைப் பாட்டு எழுதிக் கொடுத்தார். சுமார் நூற்றைம்பது மைல் தூரம். நடப்பவன் கையில் புத்தகம் வைத்துக்கொண்டா பாடுவான்? காலடிக்குக் காலடி ஒத்து விழும் சீர்களும், அடுத்த அடியை இழுத்து வரும் எதுகையும் இருந்ததனால் அது நடந்தது.

இவ்வளவு சொன்னபின் எதுகையின் பெயரால் நடக்கும் அக்கிரமங்களைச் சொல்லாவிட்டால் பாரபட்சம் ஆகும். கலியாண வாழ்த்துப் பாக்களைப் படித்திருக்கிறீர்களா? தமிழ் வாத்தியார் என்று பேர் எடுத்த தோஷத்தால் நாமும் அவற்றில் பல எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் அடியில் 'பொன்' வந்துவிட்டால் போதும். பின்னால் மின்னலும், கன்னலும், மன்னனும் வரிசையில் நிற்பார்கள். மாப்பிள்ளை மளிகைக் கடை வைத்திருப்பார். எதுகையின் கட்டளைப்படி அவர் மன்னன் ஆகிவிடுவார். இங்கே எதுகை கவிஞனுக்கு வேலை செய்யவில்லை. கவிஞன் எதுகைக்கு வேலை செய்கிறான். காரிகை கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று நொந்துகொண்ட ஒருவரைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் காரிகையை வைதாரே ஒழிய, அந்த வசவு இன்றுவரை நம் வாயில் நிற்பது காரிகைக்குப் பேரிகை எதுகையாக அமைந்ததனால்தான்!

விலங்கு என்று சொல்பவர்கள் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். சீரும் சீரும் சேரும் சேர்க்கைக்கு இலக்கணத்தார் தாமே தளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். தளை என்றால் விலங்குதான். ஆனால் பனையேறுபவர் இரு கால்களையும் இணைத்து மாட்டிக்கொள்ளும் நார் வளையத்துக்கும் தளைநார் என்றே பெயர். தரையில் நடப்பவனுக்கு அது இடைஞ்சல். மரத்தில் ஏறுபவன் அதைக் கழற்றினால் என்ன ஆவான் என்று சொல்லவேண்டியதில்லை.

எதுகை அடியின் தொடக்கத்தைக் காட்டுகிறது என்றால், பாவின் வடிவம் முடிவைக் காட்டுகிறது. முடிவு வரப்போகிறது என்று காதுக்கு முன்கூட்டி அறிவிக்க நம் முன்னோர் செய்திருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அகவலுக்கு இத்தனை அடி என்ற எல்லை இல்லை. குறுந்தொகைப் பாட்டு நாலு முதல் எட்டடியில் அடங்கிவிடும், அகநானூற்றுப் பாட்டு முப்பத்தோரடி வரையில் போகும். கேட்பவனுக்கு எங்கே முடியும் என்று எப்படித் தெரியும்? நேரிசை ஆசிரியத்தில் கடைசிக்கு முந்திய அடி நாற்சீராக இல்லாமல் முச்சீராகக் குறைகிறது. வீட்டு வாசலை நெருங்கும்போது நடை தளர்வதுபோல, ஓர் அடி சுருங்கி, அடுத்த அடியில் பாட்டு வீடு சேர்ந்துவிடுகிறது.

வெண்பாவின் முறை வேறு. அங்கே கடைசி அடியே முச்சீர். அதிலும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். அதாவது ஓரசை, அல்லது தேய்ந்து ஓயும் குற்றுகரத்தோடு கூடியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதுபோல் வெண்பா முடியும். ஒரு கருத்தைச் சொல்லி, முடிந்தது, இனிப் பேச்சில்லை என்று நிறுத்துவதற்கு இதைவிட ஏற்ற வடிவம் இல்லை. வள்ளுவர் 1330 முறையும் அந்தத் தாழ்ப்பாளையே போட்டார். நேரிசை வெண்பாவிலோ இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் ஒன்று நிற்கிறது. முன்னிரண்டு அடிகளின் எதுகையை ஏற்றுக்கொண்டு, பின்னிரண்டு அடிகளை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயிற்படியில் நிற்கும் பெண்ணைப்போல அது நிற்கும். கேட்பவன் அங்கே ஒரு கணம் காத்திருந்தே தீரவேண்டும். புகழேந்தி நானூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களால் நளன் கதையைச் சொன்னாரே, அந்தக் காத்திருப்பை அவ்வளவு முறை உண்டாக்கியும் நமக்கு அலுப்புத் தட்டவில்லை. விருத்தத்தில் நாலடியும் சமம். தாழ்ப்பாளும் இல்லை, வாயிற்படியும் இல்லை. தேர் உருள்வதுபோல் உருண்டுகொண்டே போகும். ஆகவேதான் பெருங்காப்பியத்துக்கு அது இசைந்தது.

புதுக்கவிதையைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் நழுவக்கூடாது. ந. பிச்சமூர்த்தி 1934 இல் மணிக்கொடியில் அந்தக் காரியத்தைத் தொடங்கினார். சி. சு. செல்லப்பா 1959 இல் எழுத்து என்னும் பத்திரிகையை ஆரம்பித்து அதற்கு வீடு கட்டிக் கொடுத்தார். அவர்கள் யாப்புத் தெரியாமல் அதை விட்டவர்கள் அல்லர். மில்டனும் இப்படித்தான். தம் பெருங்காவியத்தை 1667 இல் இயைபின்றியே வெளியிட்டு, மறு வருஷம் அதற்கு ஒரு சமாதானமும் எழுதிச் சேர்த்தார். ஆனால் அடிக்கு ஐந்து என்ற அளவை அவர் கடைசிவரை விடவில்லை. ஒன்றை விட்டவர் வேறொன்றை இறுகப் பற்றினார். புதுக்கவிதையிலும் நல்லவை அப்படித்தான் செய்கின்றன. சொற்செட்டையோ, பேச்சின் ஏற்ற இறக்கத்தையோ, ஓர் அடியை எங்கே முறிப்பது என்ற கணக்கையோ பற்றிக்கொள்கின்றன. எதையும் பற்றாமல் எதுகையை மட்டும் விட்டவர்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்களுடைய வரிகளில் ஒன்றாவது நமக்கு ஞாபகம் இருந்தால்தானே சொல்வதற்கு?

இனிப் பள்ளிக்கூடத்து யோசனைக்கு வருவோம். அலகிடுதல் இன்று வகுப்புகளில் நடக்கும் விதம் நமக்கும் பிடிக்கவில்லை. செத்த தவளையை அறுப்பதுபோல் குறளைச் சீர் சீராக அறுத்து, தேமா, புளிமா என்று சீட்டு ஒட்டுகிறார்கள். வகுப்பு முழுவதும் ஒரு குரல் கேட்பதில்லை. பென்சில் சத்தந்தான் கேட்கிறது. பாட்டை வாய்விட்டுச் சொல்லாமல் யாப்புப் படிப்பது, நீரில் இறங்காமல் நீச்சல் படிப்பதுதான். அதை நிறுத்தவேண்டும் என்று நண்பர் சொன்னால் இரு கையாலும் வரவேற்போம். பதிலாக, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளே ஒரு குறள் வெண்பா கட்டிப் பார்க்கட்டும் என்று கேட்டோம். இந்த வருஷம் ஒரே ஒரு வகுப்பில் அதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

அந்த வகுப்பில் ஒரு பெண், பஸ் நிறுத்தத்தைப் பற்றி ஒரு நேரிசை வெண்பாவே எழுதிக்கொண்டு வந்தாள். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நிறுத்தத்தில் இருந்த புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். வெயிலில் நிற்கவேண்டியிருக்கிறது என்பது விஷயம். 'பெருந்துன்பம்' என்று முடித்திருந்தாள். "கடைசிச் சீர் மூவசையாக நிற்கிறதே, வெண்பா ஒப்பாது" என்று திருப்பிக் கொடுத்தோம். மூன்று நாள் அலைந்தாள். துன்பம், துயரம், வருத்தம் என்று கொண்டுவந்ததெல்லாம் அந்தக் குறுகிய வாசலுக்குள் நுழையவில்லை. நாலாம் நாள் 'இல்லை நிழல்' என்று முடித்துக்கொண்டு வந்தாள். இல்லை என்பது தேமா, நிழல் என்பது மலர். மாவுக்கு முன் நிரை வந்து வெண்டளையும் சரியாக விழுந்தது. துன்பம் என்ற வார்த்தையே பாட்டிலிருந்து போய்விட்டது. இலக்கணம் வழிமறித்திராவிட்டால் அவள் துன்பத்தோடு நின்றிருப்பாள், நிழலுக்கு வந்திருக்கமாட்டாள்.

மூன்றாம் அடியின் முதற் சீர் மட்டும் எதுகைக்காகத் தருவித்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. அதைச் சொன்னோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். அந்த எதுகையில் உள்ள சொற்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள் என்று நேற்றுக் கேட்டாள். நாம் கொடுக்கவில்லை.